கொடியில் வெள்ளை காயாத வீடு

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கொடியிலும் ஏதாவது ஒரு வெள்ளைத் துணி காயும். சண்முகவடிவு அத்தை வீட்டில் மட்டும் காயாது. பாவாடை, ரவிக்கை, துண்டு, தலையணை உறை எல்லாமே அரக்கு, கருநீலம், காப்பிப்பொடி நிறம். ஆண்களின் வேட்டிகள் வெளுக்க வெளியே போய்விடும். வீட்டில் துவைக்கும் துணியில் வெள்ளை கூடாது. ஏன் என்று கேட்டால் அத்தை, "எங்களுக்கு வெள்ளை ஆகாதுளா" என்று சொல்லிவிட்டு, கறிக்கு என்ன வாங்கினாய் என்று கேட்பாள்.

நாங்கள் இரண்டு வீடு தள்ளி இருந்தோம். அத்தையின் மகள் முப்பிடாதியும் நானும் சிறு வயதில் சேர்ந்து விளையாடியவர்கள். அந்த வீட்டில் எனக்கு விளங்காத இன்னொன்றும் இருந்தது. அத்தையின் மாமனார் சிவனணைந்தபெருமாளுக்குப் பழைய துறைமுகத்துப் பக்கம் கயிற்றுக்கடை. தோணிகளுக்கு வேண்டிய வடம், கப்பி, தார், பாய்த்துணி எல்லாம் அவரிடம்தான் எடுப்பார்கள். கடற்கரையில் பாதிப் பேருக்கு அவர் அண்ணாச்சி. அப்படிப்பட்டவர் மதியம் வீட்டுக்கு வந்ததும், பாண்டி ஆடிக்கொண்டிருக்கும் தன் பேத்தியின் முன்னால் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"அக்கா சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"அக்காவுக்கு வேற எதும் வேணுமா?"

எதிர்வீட்டு இசக்கித்தாய் வாய்க்கு அஞ்சாதவள். "அண்ணாச்சிக்கு வாய்ச்ச அக்காவப் பாரேன். மொளச்சு மூணு எல விடல, மகாராணி கணக்கா நிக்கா" என்பாள். தெரு சிரிக்கும். அத்தை மட்டும் சிரித்ததே இல்லை.

அத்தை அந்த வீட்டுக்கு வாழ வந்தவளே தவிர அந்நியம் இல்லை. சிவனணைந்தபெருமாள் அவளுக்குத் தாய்மாமன். அவர் மகன் ஆவுடையப்பனைத்தான் கட்டிக்கொண்டாள். ஆவுடையப்பன் தோணியில் சரக்கோடு கொழும்புக்குப் போய் வருகிறவர். கரையில் இருக்கும் நாட்களிலும் அப்பா சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். மாமியார் முன்பே காலமாகிவிட்டாள். அதனால் மகள் பிறந்தபோது, துணி துவைப்பது முதல் எல்லாவற்றையும் அத்தையே பார்க்க வேண்டியிருந்தது.

குழந்தையின் ஈரத்துணியைச் சவுக்காரம் போட்டுக் கசக்கினாள். கறை போகவில்லை. மஞ்சளாக இருந்தது பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, மை கொட்டியதுபோல் பரவியது. சவுக்காரம் சரியில்லை என்று நினைத்து மறுநாள் சலவைச் சோடா போட்டாள். இன்னும் கறுத்தது. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமனாரிடம் அந்தத் துணியையே கொண்டுபோய்க் காட்டினாள்.

"மாமா, இந்தச் சவுக்காரம் நல்லால்ல. கறுக்குது. வரும்போது வேற வாங்கிட்டு வாங்க."

அவர் துணியைக் கையில் வாங்கினார். வாங்கிய இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சவுக்காரத்துல ஒண்ணும் இல்லளா" என்றார். "எங்க அக்கா வந்துட்டா."

அந்த அக்காவின் பெயரும் முப்பிடாதிதான். சிவனணைந்தபெருமாளுக்கு மூத்தவள், அத்தைக்குப் பெரியம்மா முறை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தி, வேம்பார்ப் பக்கம் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் துணியும் துவைத்தால் கறுத்தது. வேர்வை பட்ட ரவிக்கையில் கருமை படிந்தது. புகுந்த வீட்டில் அவள்மேல் ஏதோ இருக்கிறது என்று சொல்லிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இங்கே பேயோட்டுகிற கோடாங்கியை அழைத்து உடுக்கடித்தார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். பிறகு கடைக் கயிற்றைத் திரித்துச் சாட்டையாக்கி அடித்தார்கள். வடம் அடுக்கி வைக்கும் இருட்டறையில் பூட்டி வைத்தார்கள். ஒரு நாள் உச்சி வெயிலில், கதவு திறந்த நேரம் பார்த்து அவள் கொல்லைக் கிணற்றில் விழுந்துவிட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆழக் கிணறு. சங்கு குளிக்கிற ஜேசுபாதம் என்பவரைக் கடற்கரையிலிருந்து கூட்டி வந்து இறக்கினார்கள். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றது தம்பி சிவனணைந்தபெருமாள்.

இதெல்லாம் குடும்பத்துக்குள் எல்லாருக்கும் தெரியும், கறை விஷயம் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வெளியே தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அதற்குப் பிறகு அந்த வீட்டில் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்தார்கள், உள்ளுக்குள்ளேயே எடுத்தார்கள். மறுபடி ஒரு துணி கறுத்தால் பார்க்கிற கண் சொந்தக் கண்ணாக இருக்கட்டும் என்று.

அத்தை தன் மகளுக்குச் சந்தனமாரி என்று பெயர் வைக்க நினைத்திருந்தாள். மாமனார் கேட்கவில்லை. வந்தவளை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முப்பிடாதி என்றே வைத்தார். இரண்டு பெயரும் ஒன்று, இரண்டு ஆளும் ஒன்று என்பது அவர் முடிவு. அத்தை மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, எண்ணெய் தேய்த்துவிடும் சாக்கில் காதருகே குனிந்து, "சந்தனமாரி" என்று ஒரு தடவை சொல்லிப் பார்ப்பாளாம். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு மட்டும் தனக்கு என்று வைத்துக்கொண்டேன் என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் ஒரு நாள் கொதிக்கிற கஞ்சிச் சட்டியை எட்டி உதைத்தாள். அத்தை பதறிப்போய் முதுகில் ஓர் அடி வைத்தாள். அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வந்துவிட்டார். அடுப்படித் தரையில் சிந்திய கஞ்சியில், வெள்ளை வேட்டியோடு, பிள்ளையின் காலடியில் குப்புற விழுந்தார்.

"அக்கா, தெரியாம அடிச்சுட்டா. சின்னப் பொண்ணு. நீதான் பொறுத்துக்கிடணும்."

பிள்ளை முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. அவர் அதன் காலை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டதும் அழ ஆரம்பித்தது. அன்றைக்குப் பிறகு அத்தை அவளை அடிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. "அடிக்க உரிமையில்லாத பிள்ளையக் கொஞ்சவும் கை கூசும்ளா" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

கிழவர் மாலை நேரங்களில் பேத்தியிடம் பழைய கதை கேட்பார். சொல்வதல்ல, கேட்பதுதான். "அக்கா, நம்ம கடை முன்னால தோணி எரிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? அய்யா ஒனக்கு வாங்கிட்டு வந்த பச்சைக்கல் தோடு?" அவரைச் சந்தோஷப்படுத்த அவள் தலையாட்டுவாள். ஆட்டி ஆட்டி, எது தனக்கு நடந்தது, எது அவர் சொல்லி வந்தது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியாமல் போயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு தடவை தன் காதைத் தொட்டுப் பார்த்து, "என் பச்சைக்கல் தோட்ட யாரோ எடுத்துட்டாங்க" என்றாள். அவளுக்குக் காது குத்தியதிலிருந்து சிவப்புக்கல்தான்.

புதுத் துறைமுகம் திறந்ததற்கு மறு வருஷம், ஆடியில் அவளுக்குப் பத்தொன்பது முடிய இருந்தது, பெரிய முப்பிடாதி கிணற்றில் விழுந்த வயது. அந்த வருஷப் பங்குனியிலிருந்து அவள் மத்தியானங்களில் கிணற்றுச் சுவரில் ஏறி உட்காரப் பழகினாள். கால்கள் இரண்டும் உள்பக்கம். அத்தை பதறாத குரலில் பேசக் கற்றுக்கொண்டாள்.

"வெயிலா இருக்கே, உள்ள வாயேன்."

"இருக்கட்டும்மா. நான் போன தடவ எந்தப் பக்கமாப் போனேன்? வேம்பு இருக்கிற பக்கமா?"

"நீ எங்கயும் போகல தாயி."

"ஆடிக்கு மேல எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்கும்மா. எல்லாம் அது வரைக்கும்தான் இருக்கு."

அத்தை அன்றிலிருந்து தூங்கவில்லை. மகளை ஆடியைத் தாண்டிக் கொண்டுபோய்விட வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கிழவரும் அதே பயத்தில்தான் இருந்தார். ஆனால் அவர் கண்ட வழி வேறு. ஆனியிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டால் அக்கா இந்தத் தடவை நின்றுவிடுவாள் என்றார். மாப்பிள்ளை அத்தையின் கடைசித் தம்பி காசிலிங்கம். பெண்ணுக்குத் தாய்மாமன், கறை பற்றித் தெரிந்தவன், வெளியே சொல்லமாட்டான்.

கல்யாணத் துணி எடுப்பதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கஷாயத்துக்கும் திருநீற்றுக்கும் இறங்காமல் போகவே, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். கல்லூரி முடித்து அங்கே பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்து அப்போது எனக்கு அதிக நாள் ஆகவில்லை. காய்ச்சலோடு வருகிறவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரையும் பார்ப்பது வழக்கம். நீலக் கரைசலில் சில துளி விட்டுச் சுடவைத்தால், சர்க்கரை இருந்தால் செங்கல் நிறத்துக்கு மாறும். முப்பிடாதியின் குழாயில் அடியில் மஞ்சளாக ஏதோ படிந்தது, மேலே நின்ற நீர் கறுத்துவிட்டது. கை தவறு என்று மறுபடி செய்தேன். மறுபடியும் கறுத்தது. திரும்பிப் பார்த்தால், ஜன்னலோரம் வைத்திருந்த சீசாவில் மீதிச் சிறுநீர் மேலிருந்து கீழாக, காற்றுப் படும் பக்கத்திலிருந்து, கறுத்துக்கொண்டு வந்தது.

நான் ஆங்கிலத்தில் இந்த நோயைப் பற்றிப் படித்திருந்தேன். புத்தகத்தில் அது ஒரு பத்திதான். எங்கள் தெருக் கொடி அதில் இருக்கிறது என்று படித்தபோது எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் எபனேசர் சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் சோடாக்காரம் சேர்த்ததும் அது தார்போல் ஆனது. அத்தையைக் கூப்பிட்டு, "நீங்களும் வீட்டுக்காரரும் சொந்தமா?" என்று மட்டும் முதலில் கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் விளக்கினார். காய்ச்சல் வேறு, அது நின்றுவிடும். இது பிறவியிலேயே வந்தது, போகாது. உயிருக்கு ஒன்றும் செய்யாது. நாற்பதுக்கு மேல் முதுகும் முழங்காலும் வலிக்கும், காதுமடலும் கண்வெள்ளையும் கொஞ்சம் கருநீலம் பாயும்.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் அடுப்படிக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏளா, டாக்டர் சொன்னது பாதி தலைக்கு மேல போயிட்டு. நீ படிச்சவ. எனக்குப் புரியுத மாதிரி சொல்லு. எம்மக மேல ஆள் இருக்கா, இல்லையா?"

"இல்ல அத்தை."

"அப்ப கறுப்பு எங்கேருந்து வருது?"

எனக்குக் கோவையாகப் பேச வராது. தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். நாம் தின்கிற மீனும் பருப்பும் உடம்புக்குள் படிப்படியாகச் சிதைந்து முடிகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு வேலையாள் உண்டு. அந்த வேலையாள் ஒரு புரதம். இவளுக்கு நடுவில் ஒரு படியில் வேலையாள் முடங்கிக் கிடக்கிறான். அதனால் அந்தப் படியில் ஒரு பொருள் தேங்கி, சிறுநீரிலும் வேர்வையிலும் வெளியே வருகிறது. காற்றுப் பட்டால் அது கறுக்கும். சவுக்காரமும் சோடாவும் பட்டால் உடனே கறுக்கும்.

"வேலையாளுக்கு என்ன?"

"அவனைச் செய்யுத குறிப்பிலேயே பிழை அத்தை. புரதம் நீளமா மணி கோத்த மாதிரி. எந்த மணிக்கு அடுத்து எந்த மணின்னு குறிப்பு சொல்லும். ஒரு எழுத்து மாறினா ஒரு மணி மாறிரும். மாலை இருக்கும், ஆனா மடங்க வேண்டிய மாதிரி மடங்காது. வேலை செய்யாது."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "கடையில வடம் பாத்தா நல்லாத்தான் இருக்கும். ஒரு புரி மாத்தித் திரிச்சிருந்தா, கப்பியில போட்டாத்தான் ஓடாதுன்னு தெரியும். அது மாதிரியா?"

"அது மாதிரிதான்."

"அந்தக் குறிப்பு உடம்புல எங்கன இருக்கு?"

"எல்லா எடத்துலயும். கண்ணுல, தோல்ல, நகத்தடியில, ஒவ்வொரு செல்லுலயும் முழுசா இருக்கு. ஆனா எல்லாம் அத வாசிக்காது. இந்தப் பக்கத்தப் பிரிச்சு வாசிச்சு வேலையாளச் செய்யுதது ஈரலும் சிறுநீரகமும்தான். மத்ததெல்லாம் மூடியே வச்சிருக்கும்."

"வாசிக்காமலே வச்சிருக்குமா, சாகுத மட்டும்?"

"ஆமா."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கிட்டயும் இருக்கா?"

"இருக்கு அத்தை. அப்பாகிட்டேருந்து ஒரு குறிப்பு, அம்மாகிட்டேருந்து ஒண்ணுன்னு ரெண்டு வரும். ஒண்ணு நல்லதா இருந்தாப் போதும். ஒங்களுக்கும் ஆவுடையப்பன் மாமாவுக்கும் ஒண்ணு நல்லது, ஒண்ணு பிழை. இவளுக்கு ரெண்டும் பிழையா வந்துட்டு."

"பெரியவருக்கும் இருக்குமோ?"

"இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. எந்த எழுத்து மாறிச்சுன்னு இன்னும் ஒலகத்துல யாரும் வாசிச்சதில்ல. எந்தத் தலைமுறையில மாறிச்சுன்னும் தெரியாது."

"அப்ப வீட்டுல எல்லார் மேலயும்தான் இருக்கா" என்று அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. உடனே அவள் முகம் மாறியது. "காசிலிங்கத்துக்கிட்ட?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாத்துச் சொல்ல வழியில்ல. இருந்தா, பிறக்குத பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி இப்படி வரலாம். வெளிய கொடுத்தா அனேகமா வராது."

கொதித்த பாலை நான் இறக்கி வைத்தேன்.

"வெளிய தெரியக்கூடாதுன்னுதாம்ளா என்னயே உள்ள கொடுத்தாவ" என்றாள். "தெரியாம இருக்கணும்னு செஞ்சதுதான் அவளத் திரும்பக் கூட்டிட்டு வந்திருக்கு."

மறுநாள் மத்தியானம் நடந்ததை அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். காய்ச்சல் விட்டிருந்த மகள் மறுபடி கிணற்றுச் சுவரில் இருந்தாள். கிழவர் ஒரு தட்டில் பழமும் பச்சைக்கல் தோடும் வைத்துக்கொண்டு கீழே நின்றார். எங்கோ தேடி அந்தத் தோட்டையே எடுத்து வந்திருக்கிறார். அதைப் பார்த்து மகளின் கண் விரிந்தது. அவள் அதை வாங்கிக் காதில் போட்டால் பிறகு தனக்குப் பிள்ளை இல்லை என்று அத்தைக்குத் தோன்றியது.

"ஏளா, எறங்குளா கீழ!"

பின்னலைப் பிடித்து இழுத்து இறக்கினாள். இறக்கி, கன்னத்தில் ஓர் அறை வைத்தாள். கஞ்சிச் சட்டிக்குப் பிறகு அதுதான் அவள் கொடுத்த முதல் அடி. கிழவர் தட்டைப் போட்டுவிட்டுக் காலடியில் விழப்போனார். அத்தை நடுவில் நின்றுகொண்டாள்.

"விழாதிய மாமா. இது எம்மக. ஒங்களுக்குப் பேத்தி."

"நீ என்ன பேசுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரிஞ்சுதான் பேசுதேன். இது வடத்துல புரி மாறின கதை மாமா. எங்கிட்டயும் ஒரு புரி மாறியிருக்கு, ஒங்க மகன்கிட்டயும் மாறியிருக்கு. ரெண்டும் சேந்து இவகிட்ட வந்துட்டு. இவமேல யாரும் வரல. டாக்டர் கண்ணாடிக் குழாயில ஊத்திக் காமிச்சாரு. ஊர்ல எவ ஒருத்திக்கு இந்தப் பிழை இருந்தாலும் இப்படித்தான் கறுக்குமாம். வெள்ளக்காரிக்கும் கறுக்குமாம்."

கிழவர் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்கப்போவது என்ன என்று அத்தை யோசித்திருக்கவில்லை. மகளைக் கரை சேர்ப்பதிலேயே இருந்துவிட்டாள்.

"அப்ப எங்க அக்கா மேல யாரு இருந்தா?"

சொல்லாமல் விட்டால் மகள் மறுபடி சுவரில் ஏறுவாள்.

"யாரும் இல்ல மாமா. பெரியம்மாதான் இருந்தாவ."

"கோடாங்கிக்குக் கை ஓஞ்சுபோயி சாட்டைய எங்கிட்டக் கொடுத்தான்" என்றார் அவர். யாரிடமும் சொல்வதுபோல் இல்லை, கிணற்றுக்குள் சொல்வதுபோல் இருந்தது. "அவ கத்துனா. ஏலே தம்பி, நாந்தாம்லே, வேற யாரும் இல்லலேன்னு கத்துனா. அவ குரல்ல அது பேசுதுன்னு சொன்னாங்க. நான் இன்னும் ஓங்கி அடிச்சேன்."

மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவளுக்கு அவர் சொன்ன கதைகளில் தோணி இருந்தது, தோடு இருந்தது. இது இருந்ததில்லை. "அம்மா, எனக்கு இது ஞாபகம் இல்லயே" என்றாள். பிறகு அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் அதையே சொன்னாள். "எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"ஒனக்கு எப்படி இருக்கும்? நீ அன்னைக்குப் பொறக்கவே இல்லயே" என்றாள் அத்தை.

காசிலிங்கத்தோடு பேசிய கல்யாணம் நின்றது. வெளியே கொடுத்தால் வருகிறவர்களிடம் கறையைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருந்தாள். கேட்டு வந்த இரண்டு இடம் அதைக் கேட்டதும் எழுந்து போயிற்று. அவள் தளரவில்லை. ஆடி வந்தது, போனது. கிணற்றுச் சுவரில் பிறகு யாரும் உட்காரவில்லை.

ஆனால் வீடு லேசாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அத்தனை வருஷமாகப் பெரிய முப்பிடாதி அந்த வீட்டில் சாப்பிட்டு, பாண்டி ஆடி, பின்னல் போட்டுக்கொண்டு உயிரோடு இருந்தாள். அவளுக்கென்று ஒரு விளக்கும் ஏற்றியதில்லை, கருமாதியும் செய்ததில்லை. திரும்பி வந்தவளுக்கு எதற்கு? இப்போது அவள் எங்கும் இல்லை. கிழவர் மத்தியானம் கடையிலிருந்து வந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தில் நிற்பார். பேத்தியைப் பார்ப்பார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொள்வார். ஒரு நாள்தான் மெதுவாக, "ஏளா" என்றார். அவள் தன்னை என்று நினைக்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஒன்னத்தாம்ளா தாத்தா கூப்பிடுதாவ" என்று அத்தை உள்ளிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஆவணியில் ஒரு காலை அவர் கடையைத் திறக்காமல் நேரே கடற்கரைக்குப் போனார். அத்தை வாழையிலையும் பச்சரிசியும் எள்ளும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். நாவிதரை வரச்சொல்லி மொட்டை போட்டுக்கொண்டார். கடலில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு திரும்பி நடந்தபோது, அவரிடம் வடம் எடுக்கிற தோணிக்காரர்கள் பதறிப்போய் வழிமறித்தார்கள்.

"அண்ணாச்சி, என்ன இது? யாரு தவறிட்டா?"

"எங்க அக்கா."

"அய்யோ, கேள்விப்படவே இல்லையே. எப்ப அண்ணாச்சி?"

அவர் பதில் சொல்லமாட்டார் என்று நினைத்து அத்தை முன்னால் வந்தாளாம். அதற்குள் அவரே சொன்னார்.

"நேத்து."